கப்பல் கட்டணம் யார் தருவது?

"ஆகாசத்தப் படிக்கிறதுக்கு எதுக்குண்ணே பிரான்சுக்குப் போவணும்? ஆகாசம் இங்கயும்தான இருக்குது?" என்று என் தங்கச்சி கேட்டாள். 2024-ஆம் வருஷம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் மகளுக்கு ஸ்ட்ராஸ்பூர் நகரத்திலிருக்கிற பன்னாட்டு விண்வெளிப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தங்கச்சி கேட்டது படிக்காத பொம்பளையின் கேள்வி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் சிரித்தேன். அப்புறம் யோசிக்க யோசிக்க, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நூறு வருஷத்து வரலாற்றைப் புரட்ட வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 1987-ல் அமெரிக்காவில் பீட்டர் டயமாண்டிஸ், டாட் ஹாலி, பாப் ரிச்சர்ட்ஸ் என்ற மூன்று இளைஞர்கள் தொடங்கியது. 1988 கோடையில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதல் வகுப்பு நடந்தது. 21 நாடுகளிலிருந்து 104 பேர் வந்தார்கள். அமெரிக்காவும் சோவியத் நாடும் ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த காலத்தில், எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து விண்வெளியைப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. 1995-ல் ஸ்ட்ராஸ்பூரில் முதுகலைப் படிப்பு வந்தது. ராக்கெட் என்ஜின் மட்டும் அங்கே பாடம் இல்லை. விண்வெளிச் சட்டம், வணிகம், மருத்துவம், அரசியல் எல்லாம் உண்டு. எஞ்சினீயரும் வக்கீலும் டாக்டரும் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம், விண்வெளி மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்கிறது. அந்த 'மனிதகுலம் முழுமை'க்குள் சேரியும் உண்டா என்பதுதான் நம்முடைய கேள்வி.

திண்டிவனத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் படிப்பு என்றதும் ஞாபகம் வருகிற முதல் கதை நம்முடையது அல்ல. ஆற்காட்டு மிஷன் பங்களாவினுடையது. 1890-களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்கிற வெள்ளைக்காரப் பெண் இருந்த வீட்டுக் கதவை மூன்று பேர் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதைப் பார்த்துத்தான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கித் திரும்பி, வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார். எங்கள் தெருவில் வேதக்கார வீடுகள் அதிகம். இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை கிடையாது. என் ஆயா கதையைக் கேட்டு முடித்துவிட்டுச் சொல்லும்: "அன்னைக்கு ராத்திரி சேரியில எத்தினி பேரு செத்தாளோ. நம்மாளு போயி எந்தக் கதவத் தட்டுவான்?" ஐடா அம்மையார் செய்தது பெரிய காரியம். ஆயா கேட்டதும் வரலாறுதான். கதவைத் தட்டவும் ஒரு தகுதி வேண்டியிருந்த காலம் அது.

நம்மில் அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் என்றால் பாபாசாகேப் அம்பேத்கரைத்தான் சொல்ல வேண்டும். 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். படித்து முடித்தபின் பத்து வருஷம் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அவர் நியூயார்க் கொலம்பியாவில் படித்தார். 1916-ல் லண்டனுக்குப் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி வேலைக்குப் பரோடா போனால் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. மறுபடி 1920-ல் கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியாலும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனாலும் லண்டனுக்குப் போய், 1922-ல் பாரிஸ்டர் ஆகி, 1923-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இதை நாம் மேதைமையின் கதையாகவே மேடையில் பேசிப் பழகிவிட்டோம். மேதைமை இருந்தது, யார் மறுப்பது? ஆனால் மேதையைக்கூட உதவித்தொகை நின்ற நாளில் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

வானத்தையே படிக்கப் போன ஒருவரின் கதையும் உண்டு. மேகநாத் சாகா. டாக்காவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1893-ல் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். வங்காளத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட சாதி. கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது விடுதியில் மற்ற மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். நட்சத்திரத்தின் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்று 1920-ல் எழுதிக் காட்டியவர் அவர்தான். அந்தச் சமன்பாட்டை வைத்துத்தான், வெளிச்சத்தைப் பார்த்தே நட்சத்திரத்தின் வெப்பத்தைச் சொல்ல முடிந்தது. அவரும் உதவித்தொகையில்தான் லண்டனுக்கும் பெர்லினுக்கும் போனார். தன் பக்கத்தில் இலை போட மறுத்தவர்களின் நாட்டிலிருந்து போய், நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்.

1930-ஆம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த ஜூலை கடைசியில் பத்தொன்பது வயது சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். சென்னையில் படித்த பிராமணக் குடும்பத்துப் பையன், சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா. சென்னை அரசாங்கத்தின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். கப்பலில் போட்ட கணக்குதான் பிற்பாடு 'சந்திரசேகர் எல்லை' ஆனது; 1983-ல் நோபல் பரிசு. அதே 1930-ல் அதே சென்னை மாகாணத்திலிருந்து இன்னொருவரும் லண்டன் போனார். செங்கற்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்கு. பொதுவழியில் நடக்கவும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பெரியவர் அவர். ஒருவர் நட்சத்திரத்தின் சாவைக் கணக்குப் போடப் போகிறார். இன்னொருவர் தன் சனங்களின் வாழ்வைக் கேட்கப் போகிறார். சந்திரசேகரின் அறிவைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வயதில் கப்பலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கணக்குப் போடுகிற வாய்ப்பு எந்தத் தெருவுக்குக் கிடைத்தது, எந்தத் தெருவுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த வித்தியாசம் பாபாசாகேபுக்கு நன்றாகத் தெரியும். 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் தாழ்த்தப்பட்டோரின் குறைகளை ஒரு மனுவாகக் கொடுத்தார். நம்முடைய மேடைகளில் அதிகம் பேசப்படாத மனு அது. கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் மட்டும் நம்மை உயர்த்தாது, விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் வேண்டும், அந்தப் படிப்பின் செலவை நம் சனங்களால் அரசாங்கத்தின் உதவி இல்லாமல் தாங்க முடியாது என்று அதில் வாதாடினார். உள்நாட்டில் விஞ்ஞான, தொழில்நுட்பப் படிப்புக்கு வருஷம் 2 லட்சம் ரூபாய். இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா போய் அதே படிப்பைப் படிக்க வருஷம் 1 லட்சம் ரூபாய் என்று கணக்கோடு கேட்டார். கவனியுங்கள் தோழர்களே, வெறும் வெளிநாட்டுப் படிப்பை அவர் கேட்கவில்லை. வெளிநாட்டில் விஞ்ஞானப் படிப்பைக் கேட்டார். அந்த வழியில்தான் சுதந்திரத்துக்குப் பிறகு 1954-55-ல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் வந்தது.

ஆனால் கொடுக்கிற கை ஒன்று இருந்தால், எடுக்கிற கையும் ஒன்று இருக்கிறது. 1975 ஏப்ரல் 19 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா சோவியத் மண்ணிலிருந்து மேலே போனது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜூன் 23 அன்று மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. ஆராய்ச்சியை நடத்துகிற, வழிகாட்டுகிற விஞ்ஞானத் தொழில்நுட்பப் பதவிகளில், முதல் பிரிவின் கடைசிப் படிக்கு மேலே இருப்பவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்பது அந்த ஆணை. அதற்கு மிட்டாய் கொடுக்கவில்லை. அதனால் எங்களுக்குத் தெரியவும் இல்லை.

1978 ஜூலையில் நான் விழுப்புரத்தில் அரிசன மாணவர் விடுதியில் இருந்தேன். அந்நாளில் அதுதான் பெயர். அந்த மாதக் கடைசியில் விழுப்புரம் பெரிய பறச்சேரிக்காரர்கள் 12 பேரைக் கொன்றார்கள். வார்டன் கேட்டைப் பூட்டிவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் மொட்டைமாடியில் படுத்துக் கிடந்தோம். தலைக்கு மேலே அவ்வளவு நட்சத்திரம். ஒரு பையன் மெதுவாக, "ஆரியபட்டா எங்கடா போவுது இப்ப?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. பிற்பாடு நான் முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். செயற்கைக்கோள் பாடம் வரும்போதெல்லாம் அந்த மாடிதான் ஞாபகத்துக்கு வரும்.

விண்வெளி என்பது ஆகாசத்தில் மட்டும் இல்லை. அதற்குத் தரையில் நிலம் வேண்டும். தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவுவதற்கு மீனவர்கள் தங்கள் தேவாலயத்தையும் குடிசை நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் யானாதிப் பழங்குடிகள். நம் திண்டிவனம் பக்கத்து இருளர்களைப் போல. அவர்கள் தீவில்தான் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் கிளம்பும் இடத்திலும் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ராக்கெட்டை வரைகிற அறையில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு 2006-ல் பாராளுமன்றம் ஒரு பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தருகிற சட்டம் அது. போராடி வந்த நல்ல சட்டம். ஆனால் அதன் 4-ஆவது பிரிவு, 'உன்னத நிறுவனங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டு அவற்றுக்கு விலக்குத் தருகிறது. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம், டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் மூன்றும் அதில் இருக்கின்றன. மூன்றும் விண்வெளித் துறையைச் சேர்ந்தவை. ஆசிய பசிபிக் நாடுகளுக்காக ஐ.நா. சார்பில் 1995-ல் இந்தியாவில் தொடங்கிய விண்வெளிக் கல்வி மையத்தின் வகுப்புகளும் டேராடூனிலும் அகமதாபாத்திலும்தான் நடக்கின்றன. 2007-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இடஒதுக்கீடு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் ஆராய்ச்சி என்று வந்தவுடன் 'உன்னதம்' என்ற சொல் கதவுக்குத் தாழ்ப்பாளாகிவிடுகிறது. உன்னதமும் நாமும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று சொல்லாமல் சொல்கிற சட்டம் இது.

இப்போது தங்கச்சி மகளிடம் வருகிறேன். பேரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரசுப் பள்ளி, அப்புறம் டிப்ளமோ, அதற்கப்புறம் பக்கவாட்டுச் சேர்க்கையில் பொறியியல். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. "மாமா, மேலருந்து பாத்தா ஊரும் சேரியும் தனித்தனியா தெரியுது, நடுவுல வெத்து நெலம்கூடத் தெரியுது" என்று ஒருநாள் கணினியில் காட்டினாள். நான் வாயடைத்துப் போனேன்.

ஸ்ட்ராஸ்பூரில் இடம் கிடைத்தது. ஒரு வருஷக் கட்டணம் மட்டும் நம் பணத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்பது வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பிணை கேட்பது எல்லா வங்கிக்கும் பொதுவான வழக்கம். "நெலம் எதுனா இருக்குதா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் மேல் 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், நம்மவர் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது, இன்றைக்கு யார் பேரில் இருக்கிறது? அந்த நிலம் கையில் இருந்திருந்தால் அந்த மேசைமேல் பத்திரத்தை வைத்திருப்போம். நிலம் பறிபோனதற்கும் படிப்பு பறிபோவதற்கும் நடுவில் ஒரு வங்கி மேசைதான் தூரம்.

சரி, தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறதே என்று விதியை வாங்கிப் படித்தோம். மொத்தம் 125 இடம், அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 115. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம். எல்லாம் பொருந்தியது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வருகிற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். விண்வெளியை மட்டுமே சொல்லிக்கொடுக்கிற சின்னப் பள்ளி அது. வருஷத்துக்கு ஒரு கைப்பிடி மாணவர்கள். அந்தத் தரவரிசையில் அது இல்லவே இல்லை. உலகத்து விண்வெளி நிறுவனங்களில் எல்லாம் அதில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. பணம் இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை. அவன் நேரே போய்ச் சேர்ந்துவிடுவான். நாம் மட்டும்தான் படிக்கிற இடத்தையும் அரசாங்கத்தின் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதே உதவித்தொகையில் 2022-ல் இன்னொரு விதி வந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு இவற்றைப் படிக்க வெளிநாடு போகிறவர்களுக்கு உதவி கிடையாது. அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தது இந்தியாவின் பொருளாதாரமும் சாதியும். இந்த விதி 1913-ல் இருந்திருந்தால் அவருடைய தலைப்பைக் கேட்டே மனுவைத் திருப்பியிருப்பார்கள். தன் சாதியின் வரலாற்றையும் படிக்கப் போகக்கூடாது; பட்டியலில் இல்லாத பள்ளியில் விண்வெளியும் படிக்கக்கூடாது. 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றார்கள். 1917-ல் கப்பல் திரும்பியதற்கும் இதற்கும் வித்தியாசம், இப்போது கப்பல் கிளம்பவே இல்லை என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் வேதக்காரப் பிள்ளைகளுக்கு இந்த மத்திய உதவித்தொகை கதவு அளவுக்குக்கூட இல்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தாழ்த்தப்பட்டவர் இந்துவாக இருக்க வேண்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாடு அரசின் அயலக உதவித்தொகை கிறித்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொள்கிறது. தீண்டாமை மதம் பார்த்து வருவதில்லை என்று அந்த அளவுக்காவது ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாசு வெடித்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோ முடித்து, சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பட்டம் வரை போனவர். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மேடையில் பேசியவர்கள் "உழைத்தால் யாரும் வரலாம்" என்று முடித்தபோது மனசு ஒப்பவில்லை. அவர் உழைத்தார், உண்மை. அந்த உழைப்புக்குக் கீழே ரயில்வே என்கிற பொதுத்துறைச் சம்பளம் இருந்தது, அதன் பள்ளிக்கூடம் இருந்தது, அரசாங்கக் காசில் நடக்கிற ஐ.ஐ.டி. இருந்தது. நிலவுக்குப் போகிற பாதை அந்தப் படிகளின் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு படியாகத் தனியாருக்கு விற்றுவிட்டு, மேலே நின்று கைதட்டுவதில் என்ன இருக்கிறது?

தங்கச்சி மகள் ஸ்ட்ராஸ்பூர் போகவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதிய அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பெங்களூர் கிளம்பினாள், வேலைக்கு. பட்டியலில் இருக்கிற வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள்; அதுவும் செயற்கைக்கோள் படிப்புதான். கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம். இதை ஒரு பெண்ணின் அதிர்ஷ்டமாக விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் வாதம்.

இயக்கத் தோழர்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். ஒரே துறையைச் சொல்லிக்கொடுக்கிற சிறப்பு நிறுவனங்களுக்குத் தரவரிசை விதியிலிருந்து விலக்குக் கேளுங்கள். 2006 சட்டத்தின் பட்டியலையும் 1975 ஆணையையும் நகலெடுத்துக் கூட்டங்களில் வாசியுங்கள். ஆரியபட்டாவைத் தெரிந்த அளவுக்கு அந்த ஆணையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது, சின்ன காரியம். நம் விடுதிகளில் கடைசி வருஷம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். விளம்பரம் வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைந்து தேதியைத் தவறவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு இப்போது பதில் சொல்ல முடியும். ஆகாசம் இங்கயும் இருக்குதும்மா. அதைப் படிக்கிற அறையைத்தான் நமக்குத் திறக்காம வச்சிருக்கிறாங்க. அந்த அறை அகமதாபாத்தில் இருந்தாலும் ஸ்ட்ராஸ்பூரில் இருந்தாலும் போய்ச் சேர ஆகிற செலவை, நம்ம உழைப்பிலும் நம்ம நிலத்திலும் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டோம். நாம கேக்கிறது தர்மம் இல்ல, பாக்கி.